உயரத்தின் கடன்



ஊரிலிருந்து உறவினர்கள் விசிட் விசாவில் வந்தால், அப்பாசியாவில் வாழும் நாம் அவர்களை அழைத்துச் சென்று காட்டும் இடங்களில் முதன்மையானது குவைத் டவர்ஸ். வளைகுடாச் சாலையோரம், கடலை ஒட்டி நிற்கும் அந்த மூன்று கோபுரங்களின் முன் நின்று படம் எடுத்துக் கொள்ளாத குடும்பம் நம்மில் அரிது. உயரமான ஒன்றைக் கண்டால் மனித மனம் மகிழ்கிறது. அது இயல்பு. ஆனால் உயரத்திற்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. அதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

இக்கோபுரங்களைக் கண்டு வியப்பவர்களில் பலருக்கு, இவை முதலில் தண்ணீர்த் தொட்டிகள் என்பது தெரியாது. 1979-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இவற்றில், பெரிய கோபுரத்தின் உயரம் 187 மீட்டர். அதன் கீழ்க்கோளத்தின் அடிப்பாதியில் 45 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும். 147 மீட்டர் உயரமுள்ள இரண்டாவது கோபுரத்தின் கோளத்திலும் அதே அளவு. மூன்றாவது கோபுரத்தில் தண்ணீர் இல்லை. மற்ற இரண்டிற்கும் ஒளி பாய்ச்சும் விளக்குகளைத் தாங்கி நிற்கிறது. நகரில் ஆங்காங்கே காளான் வடிவில் நிற்கும் நீர்த்தொட்டிகளும் இவையும் ஒரே திட்டத்தைச் சேர்ந்தவை. அத்திட்டத்திற்கு 1980-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

குவைத்தில் ஆறு இல்லை. எண்ணெய் வளம் பெருகுவதற்கு முன், ஷத் அல் அரபு ஆற்றிலிருந்து பாய்மரக் கப்பல்களில் குடிநீர் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்டது. 1953-ல்தான் அரசின் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. அப்படி அரும்பாடுபட்டுப் பெற்ற நீரை வீடுகளுக்கு அனுப்ப என்ன வழி? அதை மேலே ஏற்றி வைத்தால், தன் எடையாலேயே குழாய்களில் இறங்கி ஓடும். எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு விசை. ஆகவே இத்தொட்டிகள் உயர்ந்து நிற்பது கீழே கொடுப்பதற்காகவே.

"அப்படியானால் பயன் இல்லாத உயரம் வீணா?" என்று அன்பர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதே குவைத் நகரில் 2011-ல் கட்டி முடிக்கப்பட்ட அல் ஹம்ரா கோபுரம் 400 மீட்டருக்கு மேல் நிற்கிறது. 2010 ஜனவரியில் திறக்கப்பட்ட துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர். இவ்வளவு உயரம் தேவைதானா என்று கணக்குப் பார்க்கப் புகுந்தால், நம் ஊர்க் கோபுரங்களையும் அதே கணக்கில் நிறுத்த வேண்டி வரும். கோபுரத்தில் தண்ணீரும் இல்லை, அலுவலகமும் இல்லை. ஆயினும் கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்றனர் நம் முன்னோர். வயலில் நாற்று நடுபவளும், கோயிலுக்குள் வர விடாமல் தலைமுறை தலைமுறையாகத் தடுக்கப்பட்டவனும், சீட்டு வாங்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், நின்ற இடத்திலிருந்தே கண்டு கும்பிட முடிந்தது அந்தக் கோபுரத்தை மட்டுமே. அழகும் கீழே இருப்பவனுக்குச் சேரும் கொடைதான். ஆகவே பயனை மட்டும் வைத்து நாம் உயரத்தை அளக்க வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது வேறொன்று. குவைத் டவர்ஸின் மேல்கோளம் சுமார் 123 மீட்டர் உயரத்தில், அரைமணிக்கு ஒரு சுற்றாக மெல்லச் சுழல்வது. அங்கிருந்து நகரம் முழுவதும் கண்ணுக்கு இனிதாய்த் தெரியும். கடல் தெரியும், சாலை தெரியும், மாடிகள் தெரியும். அந்த மாடிகளுக்குள் வாழும் மனிதர்கள் தெரிவதில்லை. 2024 ஜூன் 12 அதிகாலையில் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் தீப்பிடித்து, நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அதற்கு முதல் நாள் வரை, மேலிருந்து பார்த்தவர்களுக்கு அதுவும் பல கட்டடங்களில் ஒரு கட்டடம். உயரம் பார்வையை விரிக்கிறது. கூடவே மனிதர்களை மறைக்கவும் செய்கிறது. இதை அறியாமல் மேலே நிற்பதுதான் ஆபத்து.

தஞ்சைப் பெரிய கோயிலை இங்கே நினைத்துக் கொள்ளலாம். 1010-ல் நிறைவுற்ற அக்கோயிலின் விமானம் 200 அடிக்கும் மேற்பட்டது. அரசன் தான் கொடுத்ததை மட்டும் கல்லில் வெட்டச் சொல்லவில்லை. தமக்கை குந்தவையார் கொடுத்தது, தேவியர் கொடுத்தது, பிறர் கொடுத்தது எல்லாவற்றையும் வெட்டச் செய்தான். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள், அவர்கள் குடியிருந்த தெருவும் வீட்டு வரிசையும் உட்பட அங்கே இருக்கின்றன. பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரும் இருக்கிறது. கல் சுமந்தவர் ஒவ்வொருவர் பெயரும் அதில் இல்லைதான். எனினும் உயரமாய் ஒன்றை எழுப்பியவன், அதைத் தாங்கியவர்களில் பலரின் பெயரை அதன் அடியிலேயே எழுதி வைத்தான். இன்று நாம் ஏறிப் பார்க்கும் கோபுரங்களில், கோடை வெயிலில் கம்பி கட்டியவர், கண்ணாடி பொருத்தியவர் பெயர் எங்கே இருக்கிறது?

இனி நம்மைப் பற்றி. வளைகுடாவில் வேலை செய்யும் நாம் ஒவ்வொருவரும் நம் குடும்பத்தில் ஒரு மேல்நிலைத் தொட்டிதான். மாதம் பிறந்தால் நம்மிடமிருந்து கீழே ஓட வேண்டியது ஓடுகிறது. தம்பியின் படிப்பு, அப்பாவின் மருந்து, வீட்டுக் கடன். அதில் நமக்குப் பெருமையும் உண்டு. ஆனால் தொட்டி ஒருபோதும் ஊற்று ஆகாது. தண்ணீர் தானாக மேலே ஏறுவதில்லை. யாரோ ஏற்றி வைத்தார்கள். ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்திற்காக அம்மாவின் வளையல் அடகுக்குப் போயிருக்கும். அக்காவின் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப் போயிருக்கும். லீவில் ஊர் சென்று மாடி வீடு கட்டி, அதன் மேல் நின்று தெருவைப் பார்க்கும்போது, இவை நினைவுக்கு வராவிட்டால் அந்த உயரத்திற்கு என்ன பொருள்?

இங்கேயும் அப்படியே. புதிதாய் வந்து, சம்பளம் தாமதமாகி, ரூம் வாடகைக்குத் திண்டாடும் ஒரு பையன் நம் கட்டடத்திலேயே இருக்கக்கூடும். அவனைவிட ஓரிரு மாடி உயரத்தில்தான் நாம் நிற்கிறோம். நாம் வந்த புதிதில் நமக்கும் யாரோ ஒருவர் சாப்பாடு போட்டு, பாய் விரித்துக் கொடுத்தார். அந்தக் கடனை அவருக்கே திருப்பித் தர இயலாது. இவனுக்குத்தான் தர முடியும்.

உயர வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. பிள்ளைகள் உயரட்டும், நாமும் உயர்வோம். அடுத்த முறை அவர்களைக் கோபுரம் காட்ட அழைத்துச் செல்லும்போது, அது எத்தனை மீட்டர் என்பதோடு, அதற்குள் தண்ணீர் இருப்பதையும், அது யாருக்காக மேலே ஏற்றப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம்.