தண்ணீர் வடிந்த பிறகு

2017 நவம்பர் 5, ஞாயிறு. விடிய விடியக் கொட்டிய மழையில் பினாங்கே தத்தளித்தது. தண்ணீர் வடிந்தபோது ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வேதாகமம் ஊறி உப்பிக் கிடந்தது. "கர்த்தர் சித்தம்" என்றார் அப்பா. சொன்ன கையோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசல் கால்வாயில் இறங்கினார். அள்ள அள்ள நாங்கள் வீசிய நெகிழிப் பைகள்தான்.

அப்பா சொன்னதைக் கேட்டபோது வேதாகமத்தில் வரும் யோசேப்பு நினைவுக்கு வந்தான். அவனை 20 வெள்ளிக்காசுக்கு விற்றார்கள் அண்ணன்மார். அந்தத் தீமையிலிருந்தே ஒரு பஞ்ச காலத்தில் பல உயிர்களைக் காத்தார் தேவன். ஆனாலும் மன்னித்த யோசேப்பு, அவர்கள் செய்ததைத் தீமை என்றே சொன்னான். எனக்குப் பெரிதாகப்படுவது அந்த நேர்மைதான். தேவ சித்தம் என்று சொல்லி, அவர்கள் குற்றத்தை அவன் தேவன் தலையில் கட்டவில்லை.

அடுத்த ஞாயிறும் ஆராதனை முடிந்து வந்த அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கால்வாயில் இறங்கினார்.