85 சென்டிமீட்டருக்குக் கீழே

கடப்பாக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகிற குடும்பத்துக்குப் பொழுதுபோக்குப் பூங்காக்கள் புதிதல்ல. முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. என்று ஒரு தலைமுறையின் கோடை விடுமுறையே அந்தச் சாலையில் கிடக்கிறது. இப்போது பட்டியலில் இன்னொன்று. திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்தது. 2000-இல் கொச்சியில் வீகாலாண்டாகத் தொடங்கிய நிறுவனம், பெங்களூரு, ஐதராபாத், புவனேசுவரம் எல்லாம் போய்விட்டு இங்கே வந்திருக்கிறது. தண்டவாளத்துக்குக் கீழே கால் தொங்கப் பறக்கும் 'தஞ்சோரா' என்ற ரோலர் கோஸ்டர்தான் அங்கே பேச்சு.

அந்தப் பூங்காவின் கட்டண விதி குழந்தையின் வயதைக் கேட்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறது. 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் டிக்கெட் இல்லை. இரண்டு வயதுக் குழந்தையின் சராசரி உயரமும் ஏறக்குறைய அதுதான். இலவசம் என்றதும் அப்பா அம்மாவுக்கு மனம் நிறைந்துவிடுகிறது. அந்த உயரத்தில் பெரிய சவாரி எதிலும் ஏற முடியாது என்பது உள்ளே போனபிறகுதான் உறைக்கும்.

வீட்டிலேயே ஒரு குரல் தடுத்துப் பார்த்திருக்கும். பெரும்பாலும் அது பாட்டியின் குரல். "ரெண்டு வயசுப் புள்ளைக்கு அங்க என்னடா தெரியப்போவுது? நாளைக்கே மறந்துடும். நீங்க சுத்தறதுக்கு அது ஒரு சாக்கு."

கிண்டலாகச் சொன்னாலும் இது பெரிய கேள்வி. நினைவில் நிற்காத மகிழ்ச்சிக்கு மதிப்பு உண்டா? அனுபவித்தவருக்கே நாளை அது தெரியாது என்றால், நடந்தது நடந்ததுதானா?

வேடிக்கை என்னவென்றால், அதே பாட்டி அதே பேரனுக்கு அதே திருப்போரூரில் மொட்டை போடுவதென்றால் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார். கந்தசாமி கோயிலுக்கு வேண்டிக்கொண்டது குழந்தை பிறப்பதற்கு முன்பே இருக்கலாம். தாய்மாமன் மடி, தலையில் தண்ணீர், கத்தி பட்டதும் ஊரைக் கூட்டும் அழுகை, பிறகு சந்தனம், காதுகுத்து, மறுபடி அழுகை. குழந்தைக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கோயிலுக்கும் பூங்காவுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். காலையில் மொட்டை, பத்தரை மணிக்குப் பூங்கா என்று ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிட முடியும். குழந்தை இரண்டையும் மறந்துவிடும். ஆனால் ஒன்று பலித்தது என்றும் மற்றது வீண் என்றும் வீட்டில் கணக்கு எழுதப்படும்.

மற்ற மதங்களிலும் இதே கதைதான். இஸ்லாத்தில் ஏழாம் நாள் அகீகாவில் தலைமுடி இறக்கி, அதன் எடைக்கு வெள்ளியைத் தானம் செய்கிறார்கள். கத்தோலிக்கர்களும் தென்னிந்தியத் திருச்சபையினரும் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். அறிந்து விசுவசிக்க முடியாத சிசுவுக்குச் செய்த சடங்கு செல்லுமா என்று கேட்டவர்களும் உண்டு. 1525-இல் சூரிக்கில் சிலர் வளர்ந்தபிறகு மறுபடி ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை 1527-இல் ஆற்றில் மூழ்கடித்தே கொன்றார்கள். பாட்டியின் கேள்விக்கு அக்காதான் முறை அந்தக் கேள்வி. அதற்கு உயிரே போயிருக்கிறது.

மறதி எங்கிருந்து வருகிறது? பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் நடந்த எதுவும் நினைவில் இல்லை. குழந்தை மூளைக்குப் பதிவு செய்யத் தெரியாது என்றே நெடுநாள் நம்பினார்கள். அமெரிக்க உளவியலாளர் கரோலின் ரோவி-கோலியர் அதை எளிய சோதனையால் ஆட்டம் காண வைத்தார். தொட்டிலுக்கு மேலே தொங்கும் பொம்மையையும் குழந்தையின் கணுக்காலையும் ஒரு நாடாவால் இணைத்தார். உதைத்தால் பொம்மை ஆடும் என்று கண்டுகொண்ட ஆறு மாதக் குழந்தை, இரண்டு வாரம் கழித்து அதே பொம்மையைக் கண்டதும் உதைத்தது. 2025-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு இன்னும் உள்ளே போனது. விழித்திருக்கும் 26 சிறு குழந்தைகளின் மூளையைப் படமெடுத்து, ஒரு வயதை ஒட்டியே அதன் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி நினைவைப் பதியத் தொடங்கிவிடுகிறது என்று காட்டியது.

அப்படியானால் பதிந்தது எங்கே போகிறது? டொரான்டோ குழந்தைகள் மருத்துவமனையின் பால் ஃபிராங்க்லாண்டும் ஷீனா ஜோசலினும் 2014-இல் தந்த விளக்கம் ஒன்று உண்டு. வளரும் மூளையில் புதிய நரம்பணுக்கள் வேகமாக முளைத்து, பழைய இணைப்புகளுக்குள் புகுந்து அவற்றைக் கலைத்துவிடுகின்றன. எலிக்குட்டிகளில் அந்த முளைப்பை மட்டுப்படுத்தியபோது மறதியும் மட்டுப்பட்டது. இதன்படி பார்த்தால், பூங்காவை மறக்கவைப்பதே அந்தக் குழந்தையின் வளர்ச்சிதான்.

பெரியவர்களைப் பார்த்து உளவியலாளர் டேனியல் கானெமன் ஒரு கேள்வி கேட்டதுண்டு. பயணம் முடிந்ததும் எல்லாப் படங்களும் அழிக்கப்படும். ஒரு மருந்தைக் குடிப்பீர்கள், எல்லாம் மறந்துபோகும். இது முன்கூட்டியே தெரிந்தால் அதே பயணத்தைத் தேர்ந்தெடுப்பீர்களா? பலரும் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் நம் குட்டு வெளிப்படுகிறது. நாம் போவது பெரும்பாலும் போய்வந்தோம் என்று சொல்லத்தான். அருச்சுனன் தபசு முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் போதும்; பாதிப் பேர் பாறைக்கு முதுகைக் காட்டி, கைப்பேசிக்கு முகத்தைக் காட்டுகிறார்கள். பெரிய யானையின் காலடியில் இருக்கும் குட்டிகளைக் கண்டு கூவுவது இடுப்பில் இருக்கும் குழந்தைதான். கானெமனின் மருந்தைக் குடித்துவிட்டே ஊர் சுற்றும் ஒரே பயணி அது.

பாட்டியின் கேள்விக்கு நம் தத்துவத்தில் எதிர்பாராத மூலையில் ஒரு பதில் இருக்கிறது. கௌதமரின் நியாய சூத்திரத்தில் ஆன்மா நிலையானதா என்ற வாதம் மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறது. சாட்சியாக அங்கே கொண்டுவந்து நிறுத்தப்படுவது பிறந்த குழந்தை. இந்த உலகில் எதையுமே இன்னும் அறியாத சிசு சிரிக்கிறது, பயப்படுகிறது, அழுகிறது. முன் அனுபவம் இல்லாமல் இது எப்படி? ஆகவே முற்பிறவியின் நினைவு தொடர்கிறது என்பது நியாயவாதியின் கட்சி. எதிர்க்கட்சிக்காரர் சும்மா விடவில்லை. தாமரை மலர்வதும் கூம்புவதும் போல அது தானாக நடக்கிற மாற்றம் என்கிறார். தாமரைக்கு வெயிலும் குளிரும் காரணம், குழந்தைக்குக் காரணம் என்ன என்று பதில் வருகிறது. பிள்ளை பாலுக்குத் தாவுவது காந்தத்தை நோக்கி இரும்பு நகர்வது போல என்கிறார் எதிர்க்கட்சிக்காரர். அதற்கும் நியாயவாதி மறுப்புச் சொல்கிறார். மறுபிறவியை ஏற்காத வாசகருக்கும் இந்த வழக்காடலின் சுவை குறையாது. இன்றைய மரபணு விஞ்ஞானி தாமரைக்காரரின் பக்கம் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டிய திருப்பம் வேறு. பாட்டி, குழந்தை நாளைக்கு மறந்துவிடும் என்கிறார். நியாயவாதி, குழந்தை இப்போது சிரிப்பதே ஏதோ ஒன்றின் தொடர்ச்சி என்கிறார். நினைவு வேறு, உள்ளே தங்கும் பதிவு வேறு என்று நம் மரபு பிரித்தே வைத்திருக்கிறது. சம்ஸ்காரம், வாசனை என்று நூல்கள் சொல்வதைத்தான் பாட்டியும் 'விட்டகுறை தொட்டகுறை' என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சம்பவம் மறந்துபோகலாம், அதன் சாயம் போவதில்லை. மொட்டைக்கு இந்த நம்பிக்கை தானாக வந்து சேர்கிறது. ராட்டினத்துக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும்?

ஆனால் சாயம் ஒட்டும் என்று ஒப்புக்கொண்டால், கெட்டதும் ஒட்டும் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். இந்தப் பக்கத்தைப் பெற்றோர் அதிகம் யோசிப்பதில்லை. "மறந்துடும்" என்ற சொல்லால் மருத்துவ உலகமே ஒரு காலத்தில் தன்னைத் தேற்றிக்கொண்டது. 1980-கள் வரை, பிறந்த குழந்தைகளுக்குப் போதிய வலிநீக்கி இல்லாமல் அறுவை சிகிச்சை செய்வது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. மயக்க மருந்தின் ஆபத்து ஒரு காரணம். சிசுவுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது, தெரிந்தாலும் நினைவிருக்காது என்ற நம்பிக்கை இன்னொரு காரணம். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கன்வல்ஜீத் சிங் ஆனந்த் 1987-இல் வெளியிட்ட ஆய்வுகள் அதைப் புரட்டிப்போட்டன. குறைப்பிரசவக் குழந்தைகளுக்குச் சரியான வலிநீக்கி தந்தபோது உடலின் அதிர்ச்சிச் சுரப்புகள் அடங்கின, பின்விளைவுகளும் குறைந்தன. பத்து ஆண்டு கழித்து டொரான்டோவில் இன்னொன்றையும் கண்டார்கள். பிறந்தவுடன் வலிநீக்கி இல்லாமல் சுன்னத்துச் செய்யப்பட்ட குழந்தைகள், நாலாம் ஆறாம் மாதத் தடுப்பூசியின்போது மற்றவர்களைவிட அதிகமாகத் துடித்தன. சம்பவம் நினைவில் இல்லை. உடம்பு விடவில்லை.

பூங்காவில் வீரிடும் குழந்தையைத் தூக்கி, முயல் வேடமிட்ட ஆளின் கையில் திணித்துப் படமெடுக்கும் அப்பாவை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. வி.ஜி.பி.யின் வாசலில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்கவைக்க ஐந்து வயதுக் குழந்தை குட்டிக்கரணம் போடும். இரண்டு வயதுக்காரிக்கு அவர் புதிர். மனிதரா, பொம்மையா, சாமியா? கோயிலில் அசையாமல் நிற்பதைக் கும்பிடச் சொல்கிறார்கள், இங்கே அசையாமல் நிற்பதைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள். அவள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. மொட்டைக் கத்திக்கும் இது பொருந்தும். சடங்கு என்பதால் மட்டும் பயம் பயமில்லாமல் போய்விடாது. தாய்மாமன் மடி என்ற ஏற்பாட்டைச் செய்துவைத்தவர்களுக்கு இது தெரிந்தே இருந்திருக்கும்.

சரி, பூங்கா யாருக்காக? வால்ட் டிஸ்னி சொல்லிவந்த கதை ஊரறிந்தது. லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பூங்காவில் மகள்கள் குதிரை ராட்டினத்தில் சுற்ற, அவர் பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தாராம். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று அங்கேதான் தோன்றியதாம். 1955-இல் டிஸ்னிலேண்ட் திறந்தது. பாட்டி சொல்லும் 'சாக்கு' அந்தத் தொழிலின் பிறவிக்குணம் என்றே சொல்லலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அப்பாவும் விளையாட ஆசைப்படுகிறார்.

விளையாட்டைத் தத்துவத்தின் நடுவீட்டில் உட்காரவைத்த நாடு இது. எதுவும் குறைவில்லாத கடவுள் எதற்காக உலகைப் படைக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பிரம்ம சூத்திரம் லீலை என்று பதில் சொல்கிறது. இதே தொண்டை மண்டலத்தில், ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர் அந்த இடத்துக்கு உரை எழுதும்போது, ஏழு தீவும் ஆளும் பேரரசன் பந்தாடுவதை எடுத்துக்காட்டுகிறார். அவனுக்குப் பந்தாடிக் கிடைக்கவேண்டியது ஒன்றுமில்லை. பேரரசனைத் தேடிப் போக வேண்டியதில்லை. இரண்டு வயதுக் குழந்தை போதும். ஆயிரக்கணக்கில் செலவு செய்து உள்ளே கூட்டிப்போனால், அது கைகழுவும் குழாயடியில் நின்றுவிடும். திறக்கும், மூடும், திறக்கும். 'தஞ்சோரா' தலைக்கு மேல் அலறிக்கொண்டு போகும். இது திரும்பிக்கூடப் பார்க்காது. "இதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்?" என்று அம்மா அலுத்துக்கொள்வார். குழந்தையைக் கேட்டால், ஆமாம், இதற்குத்தான். காசு கொடுத்தவருக்குத்தான் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துமுடிக்கும் அவசரம். குழந்தைக்கு முடிக்கவேண்டியது எதுவும் இல்லை.

பெரும்பாணாற்றுப்படை தொண்டைமான் இளந்திரையனின் நாட்டைப் பாடுகிற சங்க நூல். அதில் ஒரு வீட்டுக் காட்சி வருகிறது. தச்சர் செய்த, ஏறிப்போக முடியாத பொம்மைத் தேரை உருட்டித் திரிந்த பிள்ளைகள், தளர்நடை நடந்த அலுப்புத் தீரச் செவிலியிடம் பால் குடித்துப் படுக்கையில் தூங்கிப்போகிறார்கள். மாலை ஆறு மணிக்கு இள்ளலூரிலிருந்து கடப்பாக்கம் திரும்பும் காரின் பின் இருக்கையில் நடப்பதும் அதேதான். அந்தச் சங்ககாலப் பிள்ளைகள் தேரை நினைவில் வைத்திருந்தார்களா என்று எந்த உரைகாரரும் கேட்கவில்லை.

கேள்வி குழந்தையோடு நிற்பதுமில்லை. அயோவா பல்கலைக்கழகத்தில் 2010-இல் ஓர் ஆய்வு நடந்தது. ஹிப்போகாம்பஸ் சிதைந்து, புதிதாக எதுவும் நினைவில் நிற்காத ஐந்து பேருக்குச் சோகக் காட்சிகளும் மகிழ்ச்சிக் காட்சிகளும் காட்டினார்கள். சற்று நேரத்தில் படத்தை மறந்துவிட்டார்கள். ஆனால் அது தந்த துக்கமும் மகிழ்ச்சியும் மறதியைத் தாண்டி நீடித்தன. சில ஆண்டு கழித்து, அல்சைமர் நோயாளிகளிடமும் அதே விளைவைக் கண்டார்கள். ஞாபகம் தப்பிப்போன கணவரைக் கைப்பிடித்து மேல்மருவத்தூருக்குக் கூட்டிவரும் மூதாட்டியிடம் போய், "தாத்தாவுக்கு நாளைக்கு இது நினைவிருக்குமா?" என்று கேட்க யாருக்கும் வாய் வராது. பூங்கா வாசலில், அளவுகோலுக்கு முன்னால் பிள்ளையை நிறுத்தும் இளம் தம்பதியிடம் மட்டும் அந்தக் கேள்வி சரளமாக வருகிறது.