வென்றவனின் பணம்

சூதாட்டத்தைப் பற்றி நமது மிம்பர்களில் சொல்லப்படுவதெல்லாம் பெரும்பாலும் தோற்றவனின் கதைதான். வீட்டை ஈடு வைத்தவன், மனைவியின் நகையை விற்றவன், பிள்ளைகளைப் பட்டினி போட்டவன். அவை பொய்யல்ல. ஆனால் கேட்டுக் கொண்டிருக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு. தோற்பதால்தான் சூது ஹராமென்றால், தோற்காதவனுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

இக்கேள்வியை எனக்குள் போட்டவர் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். அவரது மாலைகள் கண்டி நகரத்துப் புக்கிக் கடைகளில் கழிந்தன. இங்கிலாந்தில் பகல் பந்தயம் தொடங்கும்போது இங்கே மஃரிப் நெருங்கிவிடும். கண்ணால் கண்டிராத மைதானங்களில், பெயரால் மட்டுமே அறிந்த குதிரைகள் அவருக்காக ஓடின. குதிரையின் முந்திய ஓட்டங்கள், சுமந்த எடை, தரையின் ஈரம், ஜொக்கியின் பெயர் எல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதப்பட்டிருக்கும். "இது சூதில்ல மகன், கணக்கு" என்பார்.

நமது நாட்டில் குதிரைக்கும் பந்தயத்துக்குமான உறவே விசித்திரமானது. நுவரெலியாவில் 1875 இல் ஓடத் தொடங்கின குதிரைகள். 1956 ஆட்சி மாற்றத்தின் பின் கொழும்பில் ஓட்டம் நின்றது. நுவரெலியாவில் 1981 இல் மீண்டும் ஆரம்பித்தது. குதிரை நின்றபோதும் பணம் வைப்பது நிற்கவில்லை. அது கடல் கடந்த குதிரைகளைத் தேடிக் கொண்டது. 1988 ஆம் ஆண்டின் சட்டமொன்று அதற்கு வரியும் விதித்தது.

சரி, அந்தக் கணக்கைத்தான் பார்ப்போமே. பலரும் நம்புவது இரட்டிப்பு முறை. வைத்த அளவே லாபமாக வரும் பந்தயத்தில் 100 ரூபா வைத்துத் தோற்றால் அடுத்து 200, பிறகு 400. எப்போது வென்றாலும் இழந்ததெல்லாம் திரும்பி 100 ரூபா மிஞ்சும். ஆனால் தொடர்ந்து 7 தடவை தோற்றால் போனது 12,700 ரூபா. எட்டாவது தடவைக்கு 12,800 வேண்டும். அவ்வளவும் அந்த ஒற்றை நூறு ரூபாவுக்காக!

புக்கியின் கணக்கு வேறு. சம பலமுள்ள மூன்று குதிரைகள் ஓடுவதாக வைத்துக் கொள்வோம். நியாயமான லாபம் ஒன்றுக்கு இரண்டு. புக்கி ஒன்றுக்கு ஒன்றரை தருவதாயின், மூன்றிலும் 40 ரூபா வீதம் 120 ரூபா வைத்தவனுக்கு எது வென்றாலும் கிடைப்பது 100 ரூபாதான். மிகுதி 20 ரூபா குதிரை ஓடுமுன்பே பெட்டிக்குள் விழுந்துவிட்டது.

இத்தோடு தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆனால் வென்றவர்களும் இருக்கிறார்கள். பில் பென்டர் என்ற அமெரிக்கர் 1980களில் ஹொங்கொங் சென்று, குதிரைகளின் விபரங்களைக் கணினியில் ஏற்றி, பெருஞ்செல்வம் சேர்த்தார். தனது முறையை 1994 இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். நமது பெரியவர் சொன்னது ஒருவகையில் மெய்தான். அது கணக்குத்தான்.

கணக்கென்றால் ஹலாலாகி விடுமா?

ஹொங்கொங்கில் எல்லோரும் வைக்கும் பணம் ஒரே பொதியில் சேர்கிறது. கழகம் தன் பங்கை எடுத்த பின் எஞ்சியது வென்றவர்களுக்குப் பிரிகிறது. குதிரை எந்தச் செல்வத்தையும் உண்டாக்குவதில்லை. வென்றவனின் ஒவ்வொரு காசும் இன்னொருவனின் சட்டைப்பையில் இருந்ததுதான். வெல்ல வாய்ப்புக் குறைந்த குதிரைகளில் மக்கள் தகுதிக்கு மீறிப் பணம் வைக்கிறார்கள் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சிறு லாபத்தால் தன் கஷ்டம் தீராதென்று எண்ணுபவன் அந்தக் குதிரையைத்தான் நாடுவான். கணக்குத் தெரிந்தவனின் வெற்றி அத்தகையவனின் தவறான நம்பிக்கையிலிருந்தே வருகிறது. ஆகவே அறிவு இந்தப் பாவத்தைக் குறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அறியாதவர் இருவர் ஆடும்போது இருவரும் ஏமாளிகள். அறிந்தவன் ஆடும்போது, தான் யாரிடமிருந்து எடுக்கிறோம் என்பதையும் அறிந்தே எடுக்கிறான்.

அல் மாயிதா அத்தியாயத்தின் 90 ஆவது வசனம் சூதை விலக்குகிறது. அடுத்த வசனம் காரணத்தைச் சொல்கிறது: மனிதரிடையே பகைமையும் வெறுப்பும் விளைவது, இறைநினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்கப்படுவது. பண நட்டம் அங்கே காரணமாகச் சொல்லப்படவில்லை. அல் பகராவின் 219 ஆவது வசனமோ அதில் சில பயன்கள் உண்டென்பதை மறுக்கவுமில்லை. வென்றவனையும் சேர்த்துத்தான் பேச்சு.

மார்க்கம் குதிரையை வெறுக்கவுமில்லை. நபி (ஸல்) அவர்கள் குதிரை ஓட்டப் போட்டி நடத்தியதும், இப்னு உமர் (ரழி) அதில் கலந்து கொண்டதும் புகாரியில் பதிவானவை. போட்டியில் சேராத மூன்றாமவர் தரும் பரிசைச் சட்ட அறிஞர்கள் அனுமதித்தார்கள். அங்கே பரிசு குதிரையை வளர்த்தவனின் வியர்வைக்கு. தோற்றவன் மைதானத்திலிருந்து கடனாளியாகத் திரும்புவதில்லை.

"வியாபாரமும் சூதுதானே நானா?" என்று கேட்பவர்கள் உண்டு. அக்குறணை வியாபாரி விலை ஏறுமென்று மிளகு வாங்கி வைக்கிறார். விலை இறங்கி நட்டப்படுகிறார். ஆனாலும் அந்த மிளகு யாரோ ஒருவரின் அடுப்பங்கரைக்குப் போய்ச் சேர்கிறது. பந்தயத்தில் அப்படி எதுவும் மிஞ்சுவதில்லை. இந்த வித்தியாசம் பெரியது.

ஆனால் அதைச் சொல்லி நாம் நிம்மதியாக உட்கார்ந்துவிடவும் முடியாது. பிள்ளையின் மருந்துச் செலவுக்காக மிளகு மூட்டையோடு வந்து நிற்பவனின் அவசரத்தை அறிந்து விலையை அடித்துக் கேட்பவரும் ஒரு கணக்குத்தான் போடுகிறார். புக்கிக் கடை வாசலில் நிற்பவனைப் பார்த்து முகம் சுளிக்குமுன், நமது லாபம் யாருடைய இயலாமையிலிருந்து வந்தது என்று ஒவ்வொருவரும் தத்தமது கல்லாப் பெட்டியைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.