கொல்லும் தொலைவு

காற்றுத் துப்பாக்கியைக் கொண்டு பயிரையும் பண்டத்தையும் கெடுக்கும் பறவைகளைச் சுடுவோர் வழங்கும் 'பயன்தரு தொலைவு' என்னும் சொல், குண்டு சென்று விழும் தொலைவைக் குறிப்பதன்று; குறிவைத்த இடத்திலேயே குண்டு பட்டுப் பறவை அப்போதே உயிர்விடும் என்று சுடுபவர் பொறுப்பேற்றுச் சொல்லக்கூடிய தொலைவையே அது குறிக்கும். கருவியின் அளவைபோல் தோன்றும் அச்சொல்லுக்குள் ஓர் அறக்கேள்வி ஒளிந்திருக்கிறது.

இடை சிறுத்துப் பின்புறம் பாவாடைபோல் விரிந்த, உட்குழிவான ஈயக்குண்டு 4.5 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ அரை கிராம் எடையும் உடையது. அவ்விரிவு காற்றில் இழுபட்டுக் குண்டின் முனையை முன்னோக்கியே நிறுத்துகிறது. பூப்பந்தின் இறகுகள் செய்வதும் இதுவே. ஆனால் நிலைநிறுத்தும் அதே இழுப்புதான் வேகத்தையும் தின்றுவிடுவதால், நொடிக்கு 240 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு 30 மீட்டரைக் கடப்பதற்குள் குழல் நோக்கிய கோட்டிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். 45 மீட்டரை எட்டும்போது ஆற்றலில் ஏறத்தாழப் பாதி போயிருக்கும். காகத்தின் தலையோ மூன்று விரல் அகலம்கூட இல்லாதது. ஆகவே பொறுப்பேற்கத்தக்க தொலைவு முப்பது மீட்டர் அளவில் முடிந்துவிட, குண்டோ பல நூறு மீட்டர் பறந்து செல்லும்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் மெர்போக் ஆறு கடலில் கலக்கும் தஞ்சோங் டாவாய் போன்ற மீனவ ஊர்களில், நெத்திலியும் கருவாடும் காயும் களங்களைச் சுற்றும் காகத்தின் வரலாறு இங்கு எண்ணத்தக்கது. காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காக, 19ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டதே மலாயாவின் வீட்டுக்காகம். தோட்ட வேலைக்கெனக் கப்பலேற்றப்பட்ட தமிழரைப் போல அதுவும் வேலைக்கு அழைத்துவரப்பட்டதுதான். பின்னர் அது தொல்லை எனப்பட்டு, ஊராட்சி மன்றங்களே ஆள்வைத்துச் சுடும் நிலை வந்தது. (1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே கொள்வதால், உரிமமின்றி எவரும் அதைத் தொட முடியாது.) ஆனால் கெடாவின் தோட்டத்து வீடுகளில், ஆடி அமாவாசையன்று அதே பறவை முன்னோராக அழைக்கப்பட்டுச் சோறு பெறுகிறது.

கொலைக்கு ஐந்து உறுப்புகளைத் தேரவாத பௌத்த உரையாசிரியர்கள் வகுத்தனர்: உயிர் ஒன்று இருத்தல், அது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் நேரும் சாவு. இக்கணக்கின்படி, தொலைவு மீறிச் சுடப்பட்டு இறக்கை முறிந்து, கண்டல் காட்டுக்குள் பிழைத்துக் கிடக்கும் காகம் கொலையில் சேராது. கணக்கில் பிழையில்லை, ஆயினும் மனம் ஒப்பவில்லை. சமணரின் தத்துவார்த்த சூத்திரம் இவ்விடத்தில் கூர்மையானது: 'பிரமாதம்', அதாவது விழிப்பின்மை, உந்தும் செயலால் உயிரைப் பறிப்பதே இம்சை என்கிறது அது. (இன்று பாராட்டுச் சொல்லாகிவிட்ட பிரமாதத்தின் பழம்பொருள் இதுதான்.) கோலமூடா வட்டாரத்துப் புக்கிட் மெரியாமில் பிரிட்டிஷ் படை அதிகாரி ஜேம்ஸ் லோ கண்டெடுத்த பழங்கல்வெட்டும், வினை பெருகுவது அறியாமையால் என்றே கூறுகிறது. குண்டு எவ்வளவு தாழும் என்று அறியாமலோ, அறிந்தும் பொருட்படுத்தாமலோ விசையை அழுத்துபவரின் குற்றத்தை, எண்ணத்தை மட்டும் அளக்கும் கோலைவிட இவ்விரண்டும் நன்றாக அளக்கின்றன.

ஆயினும் ஒரு முடிச்சு அவிழாமலே நிற்கிறது. சுடப்பட்ட இடத்துக் காகங்கள் துப்பாக்கியை அடையாளம் கண்டு எட்டாத் தொலைவில் அமரப் பழகிக்கொள்கின்றன. விழிப்புடையவர் சுடாமல் திரும்ப வேண்டும், அல்லது இரைவைத்து அவற்றை அருகே வரவழைக்க வேண்டும். வலியில்லாத சாவுக்கு உறுதி தரும் இரண்டாம் வழியில், பறவை நம்பி இறங்குவது ஒரு பிடிச் சோற்றுக்காக. அமாவாசை இலைக்கு அது இறங்குவதும் அதற்காகவே.