கையெழுத்து யாருடையது?

தவளக்குப்பத்தில் மருத்துவத்திற்குப் பஞ்சம் என்று எவரும் கூற இயலாது. கடலூர்ச் சாலையில் தெற்கே சென்றால் பிள்ளையார்குப்பத்தில் மருத்துவக் கல்லூரி. நகரைக் கடந்தால் கோரிமேட்டில் ஜிப்மர். ஆயினும், இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோன ஒரு மூதாட்டியை எண்ணிப் பார்ப்போம். மருத்துவமனைக்குப் போனால் துணைக்கு வரும் மகனின் ஒரு நாள் கூலி போகும். எனவே காலி அட்டையை மருந்துக்கடையில் நீட்டுகிறார். கடைப் பையன் எடுத்துத் தருகிறான். சீட்டின்றித் தரலாகாது என்பது விதி, தருவது வழக்கம். நான்காண்டு படித்து, அழுத்தம் அளக்கவும் கால் வீக்கத்தின் பொருளை உணரவும் அறிந்த செவிலியர் அதே தெருவில் இருப்பினும், அம்மாத்திரையைத் தம் பெயரில் எழுதித்தர அவருக்கு உரிமையில்லை.

பேறுகால உதிரப்போக்கை நிறுத்த மருந்து தரவும், வலிப்புக்கு மக்னீசியம் சல்பேட் முதல் ஊசியைப் போடவும் கிராமச் செவிலியருக்கு நடுவணரசின் வழிகாட்டு நெறிகள் இடமளித்துள்ளன. சாவு வாசலில் நிற்கும்போது நம்பப்படுபவர், சாதாரண நாளில் ஏன் நம்பப்படுவதில்லை?

பிரிட்டன் 1992-இல் இதற்கெனவே சட்டம் இயற்றியது. நம் நாட்டில் 2019-இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 32-ஆம் பிரிவில், மருத்துவர் அல்லாத சிலர்க்கு வரம்புள்ள உரிமம் வழங்க இடம் வைத்தது. அடிப்படை மருத்துவத்திலும் நோய்த்தடுப்பிலும் மட்டும் குறித்த சில மருந்துகளை அவர்கள் தாமே எழுதலாம். செவிலியர் என்ற சொல் அப்பிரிவில் இல்லை. அவ்வாண்டு சூலை 31-இல் இந்திய மருத்துவச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. ஏழைக்கு அரைகுறை மருத்துவமா என்று மருத்துவர்கள் கேட்டார்கள். அக்கேள்வியை நாம் எள்ளி ஒதுக்க மாட்டோம். வீக்கத்தின் பின்னே தளர்ந்த இதயம் இருக்கலாம். அதைத் தவறவிட்டால் உயிர் போகும். ஆனால் கடைப் பையனிடம் ஏழை இன்று பெறுவது அரைகுறைகூட அன்றே!

நம்மை உறுத்துவது வேறொன்று. மருத்துவமனைப் பழக்கம் உள்ளோர் அறிவர்: இரவில் செவிலியர் முடிவெடுத்துக் கொடுத்த மருந்துக்குக் காலையில் மருத்துவர் ஒப்பமிடுவதுண்டு. பிழைத்தால் புகழ் ஒருவருக்கு. பிசகினால் பழி மற்றவருக்கு. செய்கையை ஒருவரிடமும் பெயரை இன்னொருவரிடமும் வைத்திருக்கும்வரை, நோயாளிக்குப் பதில் சொல்ல எவருமில்லை.

ஆதலால் மருந்துப் பட்டியல் சிறிதாகவே இருக்கட்டும். சீட்டில் செவிலியரின் பெயரும் பதிவெண்ணும் தெளிவாக இருக்கட்டும். கால் வீங்கியிருந்தால் மூதாட்டியைப் பிள்ளையார்குப்பத்திற்கு அனுப்பும் தாளும் அதே புத்தகத்தில் இருக்கட்டும்.