யார் கணக்கில் எழுதுவது?

எங்கள் வீட்டு ஜிம்மிக்கு மூன்று கால். பிறக்கும்போது நாலுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுத்தபோது, அவனுடைய இடது பின்னங்கால் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. அப்போது அவனுக்கு வயது ஒன்பது. லேப்ரடாருக்கு ஒன்பது என்பது நம் கணக்கில் ரிட்டயர் ஆகிற வயது.

‘‘காலைக் காப்பாத்த முடியாது சார். இடுப்போட எடுத்துடலாம். மூணு காலோட நல்லாவே இருப்பான்’’ என்றார் டாக்டர். நான் நம்பவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து டீக்கடையில் நின்று அழுதேன். டீ மாஸ்டர் காசு வாங்கவில்லை. மனுஷன் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

அவன் அழவில்லை. ஆபரேஷன் முடிந்த மறுநாள் எழுந்து நின்றான். மூன்றாம் நாள் தள்ளாடித் தள்ளாடி நடந்தான். தையல் பிரித்த வாரத்தில், மாடிப்படி அடியில் குடியிருக்கும் பூனையைத் துரத்தினான். பிடிக்கவில்லை. நாலு கால் இருந்த காலத்திலும் பிடித்ததில்லை.

நாலு பேர் கூடும் இடத்தில் எல்லாம் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். ‘போனதை நினைத்து நாய் ஒரு நிமிஷம்கூட வருத்தப்படுவதில்லை. நாம்தான் போன காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்’ என்று ஒரு கல்லூரி விழாவில் பேசிக் கைதட்டல்கூட வாங்கினேன். கைதட்டல் வாங்கித் தந்த விஷயங்களைக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

பில், ஒன்றரை வருஷம் கழித்து வந்தது.

நாய் நிற்கும்போது அதன் எடையில் சுமார் 60 சதவிகிதம் முன்னங்கால்களில் இருக்கும். மீதி 40 சதவிகிதத்தைப் பின்னங்கால்கள் இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று போய்விட்டால் மற்றது நடுவுக்கு நகர்ந்து நின்று தனியாகச் சுமக்கிறது. எடையின் ஒரு பகுதியை நாய் முன்பக்கம் தள்ளுகிறது. அதனால் தோள்பட்டை தேய்கிறது, முதுகு வளைகிறது. வால்கூட ஒரு பக்கமாகச் சாய்ந்து பாலன்ஸ் பார்க்கிறது. சின்ன வயசு நாய் என்றால் இதைச் சமாளித்துவிடும். வயசான நாய்க்கு, சமாளிப்பதே ஒரு வேலையாகிவிடுகிறது.

தீபாவளிக்கு முந்தின நாள் எங்கோ ஒரு வெடிச் சத்தம். ஜிம்மி ஹாலில் திடுக்கிட்டு எழுந்தான். எங்கள் ஹாலுக்கு விட்ரிஃபைட் டைல்ஸ். ‘முகம் தெரியும் சார்’ என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். அந்தப் பளபளப்பில், இருக்கிற ஒரே பின்னங்கால் வழுக்கி, பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. முட்டிக்குள் ஜவ்வு கிழிந்திருந்தது. நாலு கால் நாய்க்கு இது வந்தால் அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு மற்றதில் நிற்கும். ஜிம்மிக்குத் தூக்கிக்கொள்ள ஒரு கால் இருந்தது. நிற்பதற்கு இன்னொன்று இல்லை.

இந்த வயதில் உடனே கத்தி வேண்டாம், முதலில் எடையைக் குறைப்போம் என்றார் டாக்டர். அப்போது 34 கிலோ. சோறு பாதியானது. பிஸ்கட் நின்றது (அம்மா திருட்டுத்தனமாகக் கொடுத்தது நிற்க ஒரு மாதம் பிடித்தது). ஹால் முழுக்க ரப்பர் மேட். நகத்தை ஒட்ட வெட்டி, பாதத்தின் விரலிடுக்கு முடியையும் கத்தரித்தால் வழுக்கல் குறையும். வலி மாத்திரைக்கு முன் ரத்தப் பரிசோதனை, சிறுநீரகம் தாங்குமா என்று பார்க்க. நடுவில் ஒரு விஷயம்: நாய் வைத்திருப்பவர்கள் உங்கள் முட்டிவலி மாத்திரையைப் பாதியாக உடைத்து அதற்குக் கொடுத்துவிடாதீர்கள். மனுஷன் சாப்பிடும் ஐபுப்ரோஃபென் மாதிரியானவை நாயைக் கொன்றே விடும்.

எல்லாம் செய்தோம். கொஞ்சம் தேறுவான், நாலு நாள் நடப்பான், மறுபடி விழுவான். வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை. பழைய பெட்ஷீட்டை மடித்து வயிற்றுக்கு அடியில் கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை. சில நாள் இறக்குவதற்குள் என் செருப்பிலேயே முடிந்துவிடும். அப்போது அவன் என்னை நேராகப் பார்க்கமாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மச்சினன் வந்திருந்தான். நல்லவன். ஜிம்மியைத் தூக்கி வளர்த்தவன். அவன் விழுந்து எழுவதைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கிச் சொன்னான்: ‘‘மாமா, தப்பா நினைக்காதீங்க. பேசாம ஊசி போட்டுடலாம். நடக்கவே முடியலைன்னா அப்புறம் என்ன வாழ்க்கை? உங்களுக்கும் கஷ்டம், அதுக்கும் கஷ்டம்.’’

‘‘நானும் அதைத்தான் யோசிக்கறேன்’’ என்றேன்.

அந்த வாக்கியத்தை அவன் சொன்ன வரிசையைக் கவனித்தீர்களா? முதலில் எனக்குக் கஷ்டம். அப்புறம்தான் அதற்கு. நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்ததையும் கவனிக்கவில்லை. அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது.

டாக்டரிடம் போய்க் கேட்டேன். ‘‘முடிவு நீங்கதான் எடுக்கணும் சார். ஆனா ஒரு நாளைப் பார்த்து எடுக்காதீங்க. ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்க. சாப்பிட்டானா, தானா எழுந்தானா, வாலாட்டினானா, வலி தெரிஞ்சுதா. கடைசியில நல்ல நாளா, கெட்ட நாளான்னு குறிங்க. கெட்ட நாள் ஜாஸ்தியாச்சுன்னா வாங்க, பேசலாம்’’ என்றார். ‘‘முனகறது மட்டும் வலி இல்ல. ராத்திரி மூச்சிரைக்கறது, ஒரே இடத்தை நக்கிக்கிட்டே இருக்கறது, தொட்டா தலையைத் திருப்பிக்கறது, அதெல்லாமும் வலிதான்.’’

நான் பி.காம். நோட்டில் கட்டம் போடுவது எனக்குக் கை வந்த கலை. தேய்மானம் எழுத இரண்டு முறை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நேர்க்கோட்டு முறையில், இயந்திரத்தின் ஆயுள் இத்தனை வருஷம் என்று முதலிலேயே முடிவு கட்டி, வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் பூஜ்யமாக்குவார்கள். குறைந்து செல் இருப்பு முறையில், மிச்சம் இருப்பதில் ஒரு சதவிகிதத்தைத்தான் கழிப்பார்கள். அதனால் அது பூஜ்யத்துக்கு வந்து சேருவதே இல்லை. ஜிம்மி இரண்டாவது முறையில் வாழ்கிறான் என்று தோன்றியது. போன கால் அவன் கணக்கிலேயே இல்லை, இருப்பதில் இன்றைக்கு எவ்வளவு முடியும் என்பதுதான் அவன் கணக்கு. அழகான உவமை என்று நானே மெச்சிக்கொண்டேன். உவமையை வைத்து ஒரு நாயைப் படியிறக்க முடியாது என்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில் காந்தியைச் சொல்ல வேண்டும். 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி நோயில் விழுந்தது. பக்கம் திரும்பக்கூட முடியாமல் துடித்தது. வைத்தியர் கைவிட்டார். ஆசிரமத்தில் பேசி, ஊசி போட்டுக் கொல்ல காந்தி ஏற்பாடு செய்தார். அஹிம்சை பேசியவர் கன்றைக் கொல்லலாமா என்று நாடெங்கும் கொந்தளிப்பு. அவர் ஒளிக்கவில்லை. பத்திரிகையில் எழுதினார். கோபத்தாலோ சுயநலத்தாலோ வருத்தினால் அது ஹிம்சை, அந்த உயிரின் நன்மையை மட்டுமே நினைத்து உயிரை எடுத்தால் அது ஹிம்சை ஆகாது என்பது அவர் வாதம்.

எனக்கு மாட்டிக்கொண்டது அந்த ‘மட்டுமே’யில்தான். காந்தி தன் மனசைத் தினம் தணிக்கை செய்தவர். நான் என் மனசைத் தணிக்கை செய்ததே இல்லை.

ஆறு வாரம் எழுதினேன். மொத்தம் 42 நாள். கெட்ட நாள் 13. இவ்வளவு போதுமா, டாக்டரிடம் போகலாமா என்று ஒரு ராத்திரி நோட்டைப் புரட்டினேன். ஆடிட்டர் ஆபீசில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவன் என்பதால் தேதிகள் கண்ணில் பட்டன. 13 கெட்ட நாளில் ஆறு, செவ்வாய்க்கிழமை. நாலு, புதன்கிழமை.

செவ்வாய், பத்திரிகை அச்சுக்குப் போகிற நாள். வீடு திரும்ப ராத்திரி ஒரு மணி ஆகும். அதற்கு மேல் 30 கிலோவுக்குக் குறையாத நாயைப் படியிறக்கி ஏற்ற வேண்டும். புதன் கிழமை முழுக்க முதுகு வலிக்கும். அந்த நாட்களின் மற்ற கட்டங்களைப் பார்த்தேன். சாப்பிட்டான். வாலாட்டினான். இரண்டு நாள் தானாகவே எழுந்திருக்கிறான். கடைசிக் கட்டத்தில் மட்டும் என் கையெழுத்தில் ‘கெட்ட நாள்’.

கெட்ட நாள்தான். எனக்கு. என் முதுகுவலியை அவன் பேரேட்டில் பற்று எழுதியிருந்தேன்.

அதோடு போயிருந்தால் விஷயம் சுலபம். இன்னொரு பக்கமும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று அவன் சாப்பிடவில்லை. ராத்திரி முழுக்க மூச்சிரைத்தான் என்று எழுதியிருக்கிறேன். கடைசிக் கட்டத்தில்? ‘நல்ல நாள்.’ ஏன் என்று யோசித்தேன். அன்று கிரிக்கெட்டில் இந்தியா ஜெயித்திருந்தது. நான் கீழே உட்கார்ந்து, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மேட்ச் பார்த்தேன். எனக்கு இதமாக இருந்தது. அவனுக்கும் இதமாக இருந்ததாக எழுதிவிட்டேன்.

அப்படியென்றால் இரண்டு பொய்யும் ஒரே பேனாவில்தான் வருகின்றன. ‘அது கஷ்டப்படுகிறது, விட்டுவிடலாம்’ என்பதில் என் அலுப்பு இருக்கலாம். ‘அது சந்தோஷமாகத்தான் இருக்கிறது, வைத்திருக்கலாம்’ என்பதில் என் பயம் இருக்கலாம். ஊசிக்குச் சம்மதிக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடத் தைரியம் இல்லாதவன் அதற்குக் கருணை என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு மிருகத்தை மாதக்கணக்கில் வலியில் போட்டு வைப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். நம் 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டமே, உயிரோடு வைத்திருப்பதுதான் கொடுமை என்ற நிலை ஒரு மிருகத்துக்கு வரக்கூடும் என்று ஒப்புக்கொள்கிறது. ஊசியே கூடாது என்பது என் கட்சி இல்லை. மனுஷன் வாய் திறந்து ‘போதும்’ என்றோ, ‘இன்னும் கொஞ்ச நாள்’ என்றோ சொல்லலாம். நாய்க்கு நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் குரலில் நம் குரல் எவ்வளவு என்பதுதான் சங்கடம்.

மகாபாரதக் கடைசியில் தருமர் மலையேறுவாரே, அந்தக் கதையை எல்லோரும் நாய்ப் பாசத்துக்கு உதாரணம் சொல்வார்கள். நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று இந்திரனிடம் நின்றார் என்று. வாஸ்தவம். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் பாருங்கள். திரௌபதி விழுகிறாள். சகாதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன் என்று வரிசையாக விழுகிறார்கள். தருமர் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். நாய் மட்டும் விழாமல் கூடவே வருகிறது. அந்த நாய் வழியில் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பார்? அது தர்ம தேவதை, விழாது என்று பதில் சொல்லலாம். எங்கள் வீட்டில் இருப்பது சாதா நாய்.

நோட்டைப் புரட்டிய அதே ராத்திரி. மணி இரண்டு இருக்கும். ஜிம்மியைப் பெட்ஷீட்டில் பிடித்துக்கொண்டு பால்கனிப் பக்கம் நடத்திப் போனேன். இருட்டில் ஒரு உருவம் சுவரைத் தடவிக்கொண்டு வந்தது. அம்மா. பாத்ரூம் போகிறார். லைட் போடவில்லை. முன்பெல்லாம் ராத்திரி என்றால் ஒரு குரல் கொடுப்பார், யாராவது எழுந்து கையைப் பிடிப்போம்.

‘‘ஏம்மா, கூப்பிட்டிருக்கலாமில்ல?’’

‘‘எதுக்குப்பா. நல்லாத்தான் நடக்கறேன்’’ என்றார். சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார்.

எத்தனை நாளாக இப்படி என்று மனைவியிடம் கேட்டேன். ‘‘கூப்பிடறதை நிறுத்தி ஒரு ரெண்டு மாசம் இருக்கும். அவங்களுக்கு வலி குறைஞ்சிடுச்சுன்னு நினைச்சேன்’’ என்றாள். மச்சினன் வந்து போன ஞாயிற்றுக்கிழமையை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். சரியாக வந்தது.

இதை அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. ‘நாய்க்குச் சொன்னது உனக்கு இல்லை’ என்று ஒருவரிடம் சொல்வதைவிட அசிங்கமான வாக்கியம் இருக்கிறதா? பேசவில்லை. பாத்ரூம் வழியில் ராத்திரி எரிகிற ஒரு சின்ன விளக்கு போட்டேன். சுவரில் ஒரு கைப்பிடி அடித்தேன். நோட்டை அம்மாவிடம் கொடுத்து, ‘‘இனிமே நீயும் எழும்மா. பகல்ல அவன் கூட இருக்கறது நீதான்’’ என்றேன்.

இப்போது மூன்று பேர் எழுதுகிறோம். கடைசிக் கட்டத்தை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் மறைத்துத்தான் எழுதுவோம். போன செவ்வாய்க்கிழமை மனைவி ‘சுமார்’ என்று எழுதியிருந்தாள். நான் ‘கெட்ட நாள்’ என்று எழுதப் போய், நிறுத்தி, காலியாக விட்டேன். அம்மா கட்டத்துக்குள் இடம் போதாமல் ஓரத்தில் நுணுக்கி எழுதியிருந்தார்: ‘மத்தியானம் ரெண்டு தடவை விழுந்தது. மூணாவது தடவை வாசப்படி வரைக்கும் போயி பூனையைப் பார்த்துச்சு. சாயங்காலம் காலைத் தொட விடலை. டாக்டர்கிட்ட கேக்கணும்.’

எடை 29 ஆகியிருக்கிறது. வியாழக்கிழமை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறோம். இந்தத் தடவை நோட்டையும் எடுத்துக்கொண்டு, அம்மாவும் வருகிறேன் என்கிறார். இரண்டு பேரையும் படியிறக்க வேண்டும். வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.