முன்னோர் இல்லாத மோட்சம்

1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து பிரான்சிஸ் சவேரியார் ஐரோப்பாவில் இருந்த தன் சபைத் தோழர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இரண்டு வருடத்துக்கு மேல் ஜப்பானில் இருந்துவிட்டுத் திரும்பிய கையோடு எழுதியது. அங்கே புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவரிடம் கேட்ட ஒரு கேள்வியை அதில் பதிவு செய்கிறார். செத்துப்போன எங்கள் அப்பா அம்மா, பிள்ளைகள், சொந்தக்காரர்கள் எல்லாம் இப்போது எங்கே? நரகத்தில் என்கிறார் சவேரியார். செபத்தாலோ தானதருமத்தாலோ அவர்களை வெளியே கொண்டுவர முடியாதா? முடியாது. அவர்கள் அழுகிறார்கள். இவ்வளவு அன்பான நண்பர்கள் பரிகாரமே இல்லாத ஒன்றுக்காக அழுவதைப் பார்க்கையில் தனக்கும் மனம் கனக்கிறது என்று எழுதுகிறார். ஆனாலும் பதிலை மாற்றவில்லை.

சவேரியார் நமக்கு அந்நியர் இல்லை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர். 1544 கடைசியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்தவர். சவரிமுத்துவோ சவரியம்மாளோ சேவியரோ இல்லாத கத்தோலிக்க ஊரைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பார்க்க வேண்டும். என் தாத்தாவுக்கு ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயரும் அவருடையதுதான். கடற்கரை மக்களைக் கொள்ளையடித்த போர்ச்சுகீசிய அதிகாரிகளைப் பற்றி அரசனுக்கே முறையிட்டு எழுதிய மனிதர் அவர். நோயாளிகளோடு கிடந்தவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சிக்கலே இல்லை. ஒரு நல்ல மனிதர், தான் நேசித்தவர்களிடம், இவ்வளவு கொடுமையான ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. அவரை அப்படிச் சொல்லவைத்தது எது என்பதுதான் என் கேள்வி.

*

எங்கள் ஊர் வெள்ளக்கடை. ஏற்காடு வட்டம், சேர்வராயன் மலை. காபி, மிளகு, நிழலுக்கு சில்வர் ஓக். இங்கே பெரும்பான்மையினர் மலையாளிகள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் கிடையாது, மலையில் வாழும் பழங்குடி மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேரில் பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்கள் என்பது இவர்கள் சொல்லிவரும் கதை. நீ யார் என்று கேட்டால் உன் முன்னோர் யார் என்பதிலிருந்து பதில் தொடங்குகிற சமூகம்.

அதில் என் தாத்தா, எஸ்டேட் வேலைக்குப் போன இடத்தில் உபதேசியார் ஒருவரோடு பழகி, 1950களில் கிறிஸ்தவரானார். அவருடைய அம்மா ஆகவில்லை. வீட்டில் அவளைப் பெரியாயா என்றுதான் சொல்வோம். "நீ போடா சாமி. நான் சேர்வராயன விட்டுட்டு எங்க வர்றது?" என்றாளாம். மகனோடு சண்டையில்லை. அவர் பூசைக்குப் போக வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கொடுத்ததே அவள்தானாம். 1958இல் இறந்தாள். குடும்ப நிலத்தில் பலா மரத்தடியில் புதைத்தார்கள். ஒரு வருடம் கழித்து அவள் ஆத்துமத்துக்காக ஒரு பூசை வைக்கத் தாத்தா கேட்டபோது, அப்போதிருந்த சாமியார் முடியாது என்றுவிட்டாராம். உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஆத்துமங்களுக்குத்தான் செபம் உதவும், நரகத்தில் இருப்பவர்களுக்கு உதவாது. சவேரியார் ஜப்பானில் சொன்ன அதே பதில், நானூறு வருடம் கழித்து.

சிறுவயதில் ஒவ்வொரு நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்றும் சாமந்திப்பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போவோம். செத்தவர்கள் பெயரை வரிசையாக வாசிப்பார்கள். பெரியாயா பெயர் வராது. பத்து வயதில் ஞானோபதேச வகுப்பில் கேட்டேன். "அதெல்லாம் ஆண்டவர் சித்தம், நீ உன் ஆத்துமத்தப் பாரு" என்றார்கள்.

*

கிறிஸ்தவத்தை விட்டு வெளியே வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணங்கள் வேறு. முதலில் வருவது சாதி. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரிக்கும் சுவரைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அது அவமானம், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சுவரைக் கண்டிக்க ஏசுவின் வார்த்தைகளே போதும். போதனைக்கு எதிராக மனிதர்கள் செய்த குற்றம் என்றால், உள்ளே இருந்துகொண்டே போராடலாம், பலர் போராடுகிறார்கள். என் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. போதனையை ஒருவர் நேர்மையாக, அப்படியே பின்பற்றினால் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது.

போதனையில் என்ன இருந்தது? 1442இல் புளோரன்ஸ் பொதுச்சங்கம் சொன்னது இது: திருச்சபைக்கு வெளியே இருப்பவர்கள், சாவதற்குள் அதில் சேராவிட்டால், நித்திய நெருப்புக்குப் போவார்கள். 1863இல் ஒன்பதாம் பயஸ் ஒரு சலுகை தந்தார்: தங்கள் தவறில்லாமல் உண்மையை அறியாதிருப்பவர்களைக் கடவுள் நித்தியமாகத் தண்டிப்பதில்லை. ஆனாலும் 1917இன் திருச்சபைச் சட்டம் ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குக் கிறிஸ்தவ அடக்கம் கூடாது என்றது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், நற்செய்தியை அறியாமல் மனச்சாட்சிப்படி வாழ்ந்தவர்களும் மீட்படையலாம் என்று தெளிவாகவே சொன்னது. ஞானஸ்நானம் இல்லாமல் இறக்கும் குழந்தைகள் மோட்சம் சேரலாம் என்று நம்பக் காரணங்கள் உண்டு என வத்திக்கானின் இறையியல் ஆணையம் அறிவித்தபோது வருடம் 2007.

என் தொழிலில் இதற்குப் பெயர் பேட்ச். பழைய வெர்ஷனில் பிழை இருந்தது என்று யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். புதிய வெர்ஷன் வரும், பழையதில் சிக்கிக்கொண்டவர்கள் அப்படியே இருப்பார்கள்.

இந்தத் திருத்தத்தை நான் குறைத்துப் பேசவில்லை. நல்ல மனங்கள் சபைக்குள் போராடிப் பெற்றது அது. ஆனால் திருத்தத்துக்குள்ளேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. அறியாதவர்களுக்குத்தான் சலுகை. திருச்சபை அவசியம் என்று அறிந்தும் சேர மறுத்தவர்களுக்கு மீட்பில்லை என்று அதே 1964 ஆவணம் சொல்கிறது. பெரியாயா அறியாதவள் இல்லை. அவளுக்குச் சொன்னது அவள் பெற்ற மகன். அவள் கேட்டாள், புரிந்துகொண்டாள், வேண்டாம் என்றாள். அவளுக்கு உண்மையில் புரிந்திருக்காது, ஆகவே அவளும் அறியாதவளே என்று ஓர் இறையியலாளர் சமாதானம் சொல்லலாம். சொல்லியும் இருக்கிறார்கள். அதாவது அவளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவளை முட்டாளாக்க வேண்டும். இதில் எனக்குச் சம்மதமில்லை.

இன்னொரு பதில் இன்று பரவலாகக் கேட்பது: கடவுள் யாரையும் நரகத்துக்கு அனுப்புவதில்லை, மனிதர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பெரியாயா தேர்ந்தெடுத்தது சேர்வராயனை. தன் அம்மா கும்பிட்ட சாமியை. அதற்குள் நித்திய நெருப்பும் ஒளிந்திருக்கிறது என்பது எதிர்த்தரப்பு எழுதிக்கொண்ட நிபந்தனை. தான் படிக்காத பத்திரத்தில் விழுந்த கைரேகையை நம் ஊர் நீதிமன்றம்கூட யோசித்துத்தான் ஏற்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தத் திருத்தங்கள் எதிலிருந்து வந்தன என்பது. புதிய வேதாகமம் எதுவும் இறங்கவில்லை. அழுத ஜப்பானியர்கள், பூசை கேட்ட என் தாத்தா, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் என்று எத்தனையோ பேர் இது அநியாயம் என்று நெஞ்சில் உணர்ந்தார்கள். போதனை பின்னாலேயே மெதுவாக நடந்துவந்தது. எது நியாயம் என்பது அவர்களுக்கு முதலில் தெரிந்திருந்தது. அப்படியென்றால் நியாயத்தை அளக்கும் கோல் போதனையிடம் இருக்கவில்லை. இது புரிந்த நாளில்தான் நான் வெளியே வந்தேன் என்று நினைக்கிறேன். பூசைக்குப் போவதை நிறுத்தியது அதற்குப் பல வருடம் கழித்து.

*

திருக்கோஷ்டியூர்க் கதை நமக்கெல்லாம் தெரியும். பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரத்தை, வெளியே சொன்னால் நரகம் என்ற எச்சரிக்கையையும் மீறி, கோயில் மேலே ஏறி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார் ராமானுஜர். இத்தனை பேருக்கு மோட்சம் கிடைக்குமென்றால் நான் ஒருவன் நரகம் போகிறேன் என்றார். வைணவத்தில் ஒரு நாளும் கால்வைக்காதவர்களுக்கும் இந்தக் கதை பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்வது அற்பம் என்று எல்லாருக்கும் தெரியும்.

வேதாகமத்துக்கும் இது தெரியும். பொன் கன்றுக்குட்டியை வணங்கிய மக்களுக்காகப் பரிந்து பேசும் மோசே, அவர்களை மன்னிக்காவிட்டால் உம் புத்தகத்திலிருந்து என் பெயரையும் அழித்துவிடும் என்கிறார். தன் இனத்தாருக்காகக் கிறிஸ்துவிடமிருந்து பிரிக்கப்பட்டுச் சபிக்கப்படவும் தயார் என்று பவுல் ரோமருக்கு எழுதுகிறார். என்னை வெளியே தள்ளிய எண்ணம் எனக்குள் வந்ததும் இந்தப் புத்தகத்தின் வழியாகத்தான். பசித்தவனுக்குச் சோறு, சிறையில் இருப்பவனைப் போய்ப் பார்ப்பது, இவற்றை நான் கற்றது மத்தேயு 25இல். ஆனால் அதே அத்தியாயம் நித்திய தண்டனையில்தான் முடிகிறது. முன்பாதியைக் கிழித்து எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட என்னால் முடிகிறது. அப்படிச் செய்துகொண்டு நான் விசுவாசி என்று சொல்லத்தான் முடியவில்லை.

இன்றைய நெதர்லாந்துப் பகுதியை ஆண்ட ராட்பாட் என்ற அரசனைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு காலை வைத்துவிட்டு, என் முன்னோர் எங்கே என்று கேட்டானாம். நரகத்தில் என்றதும் காலை எடுத்துவிட்டானாம். பிடிவாதக்காரன் கதி இதுதான் என்று காட்டுவதற்காகத் துறவிகள் எழுதிவைத்த கதை. நான் படித்தபோது எனக்குப் பெரியாயா குரல்தான் கேட்டது.

*

வெளியே வருவது என்றால் நம் ஊரில் உடனே அடுத்த கேள்வி, எங்கே போனாய் என்பது. "தாய்மதம் திரும்பிட்டியா?" என்று சந்தோஷமாகக் கை கொடுக்க வந்தவர்கள் உண்டு. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 1950ஆம் வருட ஆணைப்படி தலித் ஒருவர் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி உரிமை போய்விடும். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம். நம்பிக்கை உண்மையா என்று நீதிமன்றம் அளக்கிற நாடு இது. பழங்குடிப் பட்டியலுக்கு மத நிபந்தனை இல்லாததால் எனக்கு அந்தச் சிக்கல் இல்லை. நான் எங்கும் திரும்பவில்லை. சேர்வராயன் குகைக்கோயிலுக்குப் போனால் குளிர்ச்சியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நரகம் இல்லை என்று நினைக்கிற உனக்கு இதில் என்ன கோபம் என்று நண்பர்கள் கேட்பார்கள். அம்மாவிடம் சொன்ன அன்று அவள் வாதாடவில்லை. "அப்ப செத்ததுக்கப்புறம் உன்னய நான் பாக்கவே மாட்டனா?" என்று மட்டும் கேட்டாள். விடிய விடியத் தூங்கவில்லை. நரகம் இருக்கிறதோ இல்லையோ, அதற்கான அழுகை எங்கள் சமையலறையில் இருந்தது. ஒரு தாயை இப்படி அழவைப்பதற்கு அந்த இடம் நிஜமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து, காபி டம்ளர் கழுவிக்கொண்டே அவளாகச் சொன்னாள்: "நீ இல்லாத மோட்சத்துல நான் போயி என்னடா பண்ணப் போறேன். ஏசப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்." இன்றும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறாள். செபமாலையில் ஒரு பத்துமணி எனக்கு. போதனையை வைத்துப் பார்த்தால் அவள் சொன்னது தப்பு. அவள் கவலைப்படவில்லை. மோசேபோல நேரடியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நம்புகிறாள்.

அவளும் நானும் மறுப்பது ஒன்றைத்தான். அவளுக்குச் சண்டை போட எதிரே ஒருவர் இருக்கிறார், எனக்கு இல்லை. அந்த இடம் காலியாக இருப்பது சில ராத்திரிகளில் தெரியத்தான் செய்கிறது. பெரியாயாவை விட்டுக்கொடுத்து அதை நிரப்பிக்கொள்ள எனக்கு மனமில்லை.